இரண்டு மாதப் பூனைக்குட்டிக்குக் கேட்னிப் கொடுக்கலாமா?

முகர்ந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் இப்போது கொடுத்துப் பயனில்லை. கேட்னிப் புதினா குடும்பத்துச் செடி. அதிலுள்ள நெபெடலாக்டோன் என்ற வேதிப்பொருள் மூக்கு வழியாகத்தான் வேலை செய்யும். 3 முதல் 6 மாதம் ஆகும்வரை பெரும்பாலான குட்டிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. வளர்ந்தவற்றிலும் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு எதுவும் ஆகாது. அது பிறவி வாகு. என் பூனை காய்ந்த இலையில் கன்னத்தைத் தேய்த்து, எச்சில் ஒழுக உருளும். பத்து நிமிடத்தில் சாதாரணமாக எழுந்து போய்விடும். அடிமையாகிவிடாது. நிறையத் தின்றால் வாந்தியோ வயிற்றுப்போக்கோ வரலாம். கேட்னிப் எண்ணெய் செறிவானது, குட்டியிடம் கொண்டுபோகவே வேண்டாம்.

இந்த வயதில் சாப்பாடுதான் முக்கியம். பசும்பால் பலவற்றுக்குச் செரிக்காமல் வயிற்றைக் கலக்கிவிடும். குட்டிகளுக்கான உணவை நாளைக்கு 4 வேளை, கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். பக்கத்திலேயே தண்ணீர் இருக்கட்டும். தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்க வேண்டும். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

விளையாட நூல் மட்டும் கொடுக்காதீர்கள். பூனையின் நாக்கைத் தொட்டுப் பாருங்கள், முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். வாயில் சிக்கிய நூலைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். அது குடலைச் சுருக்கி அறுத்துவிடலாம். ஆசனவாயில் நூல் தெரிந்தால் இழுக்காமல் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.