பினாங்கு தாவரத் தோட்டத்துக்குத் துண்டு கொண்டுபோகலாமா?

கேள்வி: பினாங்கில் எங்களுக்கு ஒரு காலைப்பொழுதுதான் இருக்கிறது. எழுபது வயது அம்மாவும் எட்டு வயது மகனும் கூட வருகிறார்கள். தாவரத் தோட்டத்து அருவியில் குளித்துவிட்டு, தண்ணீர்மலை முருகனையும் பார்த்துவிட முடியுமா?

பதில்: தோட்டமும் கோவிலும் முடியும். குளியல் முடியாது. ஊரில் தோட்டத்தை 'வாட்டர்ஃபால் கார்டன்' (அருவித் தோட்டம்) என்றே சொல்வார்கள். ஆனால் அருவி இருப்பது தோட்டத்துக்குப் பின்னால், குடிநீர் நிறுவனத்தின் காப்புப் பகுதியில். முன் அனுமதி இல்லாமல் விடமாட்டார்கள். தோட்டத்துக்குள் ஓடும் ஓடை அந்த மலைத் தண்ணீர்தான். பையனுக்கு அதைக் காட்டுங்கள்.

1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பழைய கருங்கல் குவாரி இருந்த இடத்தில் உருவாக்கிய தோட்டம் இது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஏழு மணிக்குள் போய்விடுங்கள். ஒன்பதரைக்கு மேல் புழுக்கம் அம்மாவை வாட்டிவிடும். தார்ப்பாதையிலேயே சுற்றினால் ஒன்றரை மணி நேரம் போதும்.

நாகலிங்க மரத்தைத் தவறவிடாதீர்கள். நம்மூர்ச் சிவன் கோவில்களில் நிற்கும் அதே மரம். தாயகம் என்னவோ தென் அமெரிக்கா. பூ அடிமரத்திலிருந்தே நீளும் காம்புகளில் மலரும், காலையில் மணம் தூக்கலாக இருக்கும். காய் குண்டுபோல் கனமானது, சொல்லாமல் விழும். அதனால் அடியில் உட்கார வேண்டாம்.

தொல்லை என்றால் குரங்குதான். நீண்டவால் குரங்குகளுக்கு பிளாஸ்டிக் பையின் சரசரப்பே 'சாப்பாடு' என்ற செய்தி. தின்பண்டத்தை ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள். பையன் பல்லைக் காட்டிச் சிரித்தால் குரங்கு அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

வாசலுக்கு வெளியே மேலேறும் ஜீப் பாதையைப் பார்த்து 'கொஞ்ச தூரம்தானே' என்று கிளம்பிவிடாதீர்கள். பினாங்கு மலை உச்சிவரை ஐந்து கிலோமீட்டருக்கு மேல், ஒரே செங்குத்து. உச்சிக்குப் போக ஆயர் ஈத்தாம் பகுதியிலிருந்து மலை ரயில் இருக்கிறது.

தண்ணீர்மலைக் கோவில் தோட்டத்துக்கு வரும் சாலையில்தான். மேலே ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அம்மா அடிவாரத்துப் பிள்ளையார் சன்னதியில் இருக்கட்டும். தைப்பூச நாட்களில் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அப்போது தோட்டத்தையும் சேர்க்க நினைக்காதீர்கள்.

படகுத்துறையிலிருந்து 10ஆம் எண் ரேபிட் நகரப் பேருந்து தோட்டம்வரை வரும், ஆனால் அடிக்கடி வராது. திரும்பும்போது கிராப் செயலியில் வாடகைக் கார் பிடியுங்கள். செப்டம்பர், அக்டோபரில் என்றால் குடை கட்டாயம்.