புதுக்கோட்டையில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி: பிப்ரவரியில் திருச்சியில் ஒரு கல்யாணம். அது முடிந்ததும் சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். நான், கணவர், 68 வயது மாமியார், 13 வயது மகன். மாமியாருக்கு முழங்கால் வலி, ஆனால் கோயில் என்றால் உயிர். மகனோ இரண்டு கோயிலுக்கு மேல் போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். கார் இருக்கிறது. தேடிப் பார்த்தால் இருபது முப்பது இடங்களின் பெயர் வருகிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?
(வாசகி, கோவை)

பதில்: அந்த முப்பது பெயரில் ஆறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். புதுக்கோட்டைக்கு வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் இல்லை, நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். இந்த மாவட்டத்தில் பார்க்க வேண்டியதில் பாதி மொட்டைப் பாறை மேல் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் அந்தப் பாறை தோசைக்கல்தான். மீதிப் பாதி வழிபாட்டில் இருக்கும் கோயில்கள். அவை பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். ஆக, பாறைக்கு விடிகாலை, கோயிலுக்குக் காலை அல்லது மாலை, நடுப்பகலுக்குக் கூரை. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் திட்டம் தானாக அமைந்துவிடும்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே திருச்சியை விட்டுக் கிளம்புங்கள். விமான நிலையத்தைத் தாண்டிப் போகிற புதுக்கோட்டை சாலைதான். ஏறக்குறைய 35 கிலோமீட்டரில் நார்த்தாமலை. நகரத்தார்மலை என்பது மருவி இப்படி ஆனது என்பார்கள். ஊரைச் சுற்றி மேலமலை, கடம்பர்மலை, ஆளுருட்டிமலை என்று ஒன்பது குன்றுகள். நீங்கள் ஏற வேண்டியது மேலமலை. படிக்கட்டெல்லாம் பெரிதாகக் கிடையாது. சரிவான பாறையில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். இது உங்கள் மாமியாருக்கு வேண்டாம். அவரும் துணைக்கு ஒருவரும் ஊருக்குள் இருக்கும் மாரியம்மன் கோயிலில் இருக்கட்டும். இந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற அம்மன், பங்குனித் திருவிழாவில் கால் வைக்க இடம் இருக்காது. பிப்ரவரியில் நிம்மதியாகக் கும்பிடலாம்.

மேலே விஜயாலய சோழீச்சரம். பெயரில்தான் சோழன். கல்வெட்டு சொல்வது வேறு கதை: சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கற்றளி, அதாவது கற்கோயில் இது, மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். 9ஆம் நூற்றாண்டுக் கோயில், மேற்குப் பார்த்தது. உள்ளே கருவறை வட்டமாக இருக்கும், அதைச் சுற்றிய சுவர் சதுரம். கருவறைக் கதவு பூட்டியிருந்தால் மனம் உடைய வேண்டாம், வெளியே நின்று விமானத்தைப் பார்ப்பதுதான் இங்கே விஷயம். எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள், அதாவது பாறையைக் குடைந்து செய்த கோயில்கள். பெரியதற்குச் சமணர் குடகு என்று பெயர், ஆனால் உள்ளே ஆள் உயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு சிற்பங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரே பாறையில் எத்தனை கை மாறியிருக்கிறது பாருங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது சிற்பங்களின் விளிம்பு அப்படியே எழுந்து நிற்கும். இதற்காகத்தான் ஆறு மணிக்குக் கிளம்பச் சொன்னேன்.

அங்கிருந்து அரை மணி நேரத்தில் சித்தன்னவாசல். ஒன்பதரை மணிக்குள் போய்விடப் பாருங்கள். இங்கே ஒரே மலையில் இரண்டு இடங்கள், இரண்டையும் சிலர் ஒன்றென்று நினைத்து ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முதலில் ஏழடிப்பட்டம். மலை ஏறி, மறுபுறச் சரிவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் இயற்கைக் குகை. வழவழவென்று தேய்த்த 17 கற்படுக்கைகள், தலையணைத் திட்டோடு. சமணத் துறவிகள் படுத்த இடம். அதில் ஒன்றில் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமி இருக்கிறது, கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்தது. உங்கள் மகன் பாடப்புத்தகத்தில் படமாகப் பார்த்திருப்பான். இங்கே விரலை நீட்டிக் காட்டலாம், தொட மட்டும் விடாதீர்கள்.

பிறகு அறிவர் கோயில், ஓவியங்களுக்குப் பெயர் பெற்ற சமணக் குடைவரை. ஏறும் தூரம் கொஞ்சம்தான். மாமியார் மெதுவாக, கைப்பிடித்து வந்துவிடலாம். முன்மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள்: தாமரைக் குளம், மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். தூண்களில் ஆடும் பெண்கள் இருவர். ஓர் அரசனும் அரசியும். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக இங்கேயே கல்வெட்டு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: ஓவியம் நிறையச் சிதைந்துவிட்டது. படங்களில் பார்த்த பளிச் நிறத்தை எதிர்பார்த்துப் போனால் முதல் இரண்டு நிமிடம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கண் இருட்டுக்குப் பழகும்வரை சும்மா நில்லுங்கள். குளம் மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் உள்ளறைக்குள் போய், வாயை மூடிக்கொண்டு ‘ம்’ என்று ஒரே சுருதியில் முனகச் சொல்லுங்கள் மகனிடம். அறை முழுக்க அதிரும். அதற்குப் பிறகு அவன் முகம் தூக்கமாட்டான் என்பது என் அனுபவம்.

பதினொன்றரைக்கு மேல் பாறைப் பக்கமே இருக்காதீர்கள். பதினாறு கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை டவுன். அறை எடுத்து, சாப்பிட்டு, மாமியாரைக் கொஞ்சம் படுக்க வையுங்கள். அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால் முட்டை மாஸ் எங்கே நன்றாக இருக்கும் என்று லாட்ஜில் கேளுங்கள், இந்த ஊர்ப் பதார்த்தம் அது. சாப்பிடப் போகும் வழியில் வீதிகள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக வெட்டிக்கொள்வதைக் கவனியுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் சேஷையா சாஸ்திரி ஊரைத் திருத்தி அமைத்த வேலை. 1948 மார்ச் 3 வரை இது தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். மாவட்டம் ஆனது 1974 ஜனவரி 14 அன்றுதான். மன்னரின் அரண்மனையில்தான் இன்று கலெக்டர் ஆபீஸ் நடக்கிறது.

பிற்பகலுக்குத் திருக்கோகர்ணத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகம். 1910இல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது. முதுமக்கள் தாழி, செப்புத் திருமேனி, பாடம் செய்த விலங்குகள் என்று எல்லாம் கலந்துகட்டி இருக்கும், பையன்களுக்குப் பிடித்த வகை. அம்மன் காசைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பிரகதாம்பாள் உருவம் பொறித்த குட்டிச் செப்புக் காசு, மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்று இருக்கும். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்குக் கொடுத்ததாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. உங்கள் சனி மாதத்தின் இரண்டாவது சனியாக இருந்தால் அன்றும் மூடியிருக்கலாம், முன்னாலேயே விசாரித்துவிடுங்கள். மூடியிருந்தால் நன்றாகத் தூங்குங்கள், நஷ்டமில்லை.

மூன்றரைக்குக் கிளம்பினால் நான்கேகால் வாக்கில் குடுமியான்மலை. இந்த ஒரு இடம் வீட்டில் எல்லாருக்குமானது. கோயில் அடிவாரத்தில், சமதரையில். சிகாநாதசுவாமிக்குக் குடுமி வந்த கதையை மாமியார் குருக்களிடம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். நீங்கள் முன்மண்டபத் தூண்களைப் பாருங்கள்: இரணியன் வயிற்றைக் கிழிக்கும் நரசிம்மர், ரதி, மன்மதன், குறவன், குறத்தி. குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழு ராகங்களுக்குச் சுரம் எழுதி வைத்திருக்கிறார்கள். மகேந்திரவர்ம பல்லவன் எழுதியது என்று வழிகாட்டிகள் அடித்துச் சொல்வார்கள், ஆய்வாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம் அல்ல. யார் எழுதினால் என்ன, பாட்டுக்கு இவ்வளவு பெரிய நோட்டுப்புத்தகம் வேறெங்கே பார்த்திருக்கிறோம்? மலை உச்சிப் பாறையில் நாயன்மார்கள் வரிசை ஒன்று செதுக்கியிருக்கிறது, அதைக் கீழிருந்தே காட்டிவிடலாம்.

ஞாயிறு தெற்குப் பக்கம். ஏழு மணிக்குக் கிளம்பி அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில், ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மாமியாருக்கான நாள் இது. பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் திருப்பணிக்குச் செலவழித்த திருப்பெருந்துறை இதுதான். கொடிமரம் கிடையாது, நந்தி கிடையாது, கருவறையில் லிங்க பாணமும் கிடையாது, அதன் பீடமான ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி அந்த ஆவியைத்தான் சுவாமிக்கு நிவேதனம் செய்கிறார்கள். பூஜை நேரத்தைக் கேட்டு நின்று பாருங்கள். எனக்கு இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன். காரணம் கொடுங்கை, அதாவது மண்டபத்தின் வளைந்த கூரை விளிம்பு. மரச்சட்டம், குறுக்குக் கம்பி, ஆணித் தலை எல்லாம் வைத்துக் கூரை வேய்ந்ததுபோல் இருக்கும். அத்தனையும் கருங்கல். பழைய ஸ்தபதிகள் வேலை ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்களாம். பையனிடம் விஷயத்தை முதலில் சொல்லாதீர்கள். இது மரமா கல்லா என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பதினொன்றரைக்குப் புறப்பட்டு, அறந்தாங்கியில் சாப்பிட்டு, சாவகாசமாகத் திருமயம் வாருங்கள். மூன்றரைக்குக் கோட்டை. 1687இல் சேதுபதி கிழவன் கட்டியது. ஏழு சுற்று மதிலில் நான்குதான் மிச்சம். ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள், கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையின் நினைவில். உச்சியில் பீரங்கி. நடுவழியில் பாறை நெற்றியில் ஏணி வைத்து ஏறும் ஒரு சிவன் குடைவரை. கணவரும் மகனும் அங்கே ஏறட்டும். நீங்களும் மாமியாரும் நான்கு மணிக்கு நடை திறந்ததும் அடிவாரத்துச் சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீஸ்வரர் இரண்டு சந்நிதியும் பாருங்கள். பெருமாள் கோயில் 108 திவ்ய தேசத்தில் ஒன்று. பள்ளிகொண்ட கோலம் குகைச் சுவரை நிறைத்துக்கொண்டு கிடக்கும், பின்னால் தேவர்களும் அசுரர்களும். ஆறு மணிக்குக் கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்குத் திருச்சி.

விட்டுவிடச் சொன்னவற்றில் எனக்கே மனமில்லாதது கொடும்பாளூர் மூவர் கோயில். மூன்றில் இரண்டு விமானம்தான் நிற்கிறது, ஆனால் அழகு. கொடும்பாளூர்ச் சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியர் பெயரிலும் எடுத்தது. புல்தரை, சமதளம், முழங்கால் பயம் இல்லை. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில், விராலிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோவைக்குத் திரும்பும்போது மணப்பாறை, திண்டுக்கல் வழியாகப் போவதாக இருந்தால் திங்கள் காலை கொஞ்சம் சுற்றிக்கொண்டு பார்த்துவிடலாம். விராலிமலை முருகனுக்கு 207 படி, சுருட்டுப் படைக்கிற முருகன். மாமியாரிடம் முதலில் சொல்லிவிடாதீர்கள், ஏறியே தீருவேன் என்று நிற்பார். கடற்கரைப் பக்கம் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் எல்லாம் மீன்பிடி ஊர்கள். கடல் பார்ப்பதற்கென்று இரண்டு நாளில் அங்கே போக வேண்டியதில்லை.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் நல்ல ஓட்டலை எதிர்பார்க்காதீர்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் காலைச் சாப்பாடும் வண்டியில் இருக்கட்டும். பாறையில் வழுக்காத செருப்பு முக்கியம். செருப்பைக் கழற்றச் சொல்லும் இடங்களுக்காக எல்லாருக்கும் ஒரு ஜோடி பழைய காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவியத்தையும் கொடுங்கையையும் பார்க்க ஒரு சின்ன டார்ச்சும் வேண்டும், ஓவியத்தின் மேல் அடிப்பதற்கு முன் காவலரிடம் கேட்டுவிடுங்கள். சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும் தொல்லியல் துறை வசம் இருப்பவை, நுழைவுச்சீட்டு உண்டு. குரங்கு இருக்கும் இடத்தில் வாழைப்பழப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள், அதை மாமியாரிடம் மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள்.