கேள்வி–பதில்: வெளிநாட்டுச் சுற்றுச்சூழல் இன்டர்ன்ஷிப்புக்குப் பணம் எங்கே?

சுற்றுச்சூழல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கோடை விடுமுறையில் ஜெர்மனியில் கழிவுநீர் ஆய்வகம் ஒன்றில் 12 வாரம் இன்டர்ன்ஷிப் செய்ய விருப்பம். கல்லூரியில் உதவி கேட்டால் 'முதலில் இடம் கிடைக்கட்டும்' என்கிறார்கள். அங்குள்ள பேராசிரியரோ 'பணம் இருக்கிறதா?' என்று கேட்டு எழுதுகிறார். எதை முதலில் பிடிப்பது?
— மாணவி, கோவை

கடிதத்தைத்தான். அழைப்புக் கடிதம் இல்லாமல் எந்த நிதிக்குழுவும் உங்கள் கோப்பைப் பிரிக்காது. பேராசிரியருக்கு 'இருக்கிறது' என்றும் எழுதாதீர்கள், 'இல்லை' என்றும் எழுதாதீர்கள். 'இன்ன உதவித்தொகைக்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்கிறேன். அதற்கு உங்கள் கடிதம் தேவை. நிதி கிடைத்தால் மட்டுமே வருவேன். உங்கள் ஆய்வகத்துக்குச் செலவில்லை' என்று எழுதுங்கள். நிபந்தனையோடு கடிதம் தர பெரும்பாலானவர்கள் தயங்குவதில்லை.

அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: லெட்டர்ஹெட், தொடங்கும் தேதி, முடியும் தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், திட்டத்தின் தலைப்பு, மேற்பார்வையாளர், ஊதியம் உண்டா இல்லையா. உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் இடறுவது இங்கேதான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, அழைப்புக் கடிதத்தில் இரண்டும் கலந்து ஒன்று என மூன்று பெயர் ஆகிவிடும். கல்லூரி போனஃபைட் சான்றிதழையும் பாஸ்போர்ட் பெயரிலேயே கேட்டு வாங்குங்கள்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மெயில் பத்து வரிக்குமேல் போக வேண்டாம். மே மாதம் போக வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரிலேயே எழுதத் தொடங்குங்கள். 'சுற்றுச்சூழல்மீது தீராத ஆர்வம்' என்பதையெல்லாம் விட்டுவிட்டு, கையால் செய்யத் தெரிந்ததைச் சொல்லுங்கள்: பி.ஓ.டி., சி.ஓ.டி., ஜார் டெஸ்ட் போன்ற கழிவுநீர்ச் சோதனைகள், புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் (R) மென்பொருள். பேராசிரியர் பதில் போடாவிட்டால் அதே குழுவின் பி.எச்டி. மாணவர் ஒருவருக்கு எழுதிப் பாருங்கள். உதவிக்கு ஆள் தேவைப்படுவது பெரும்பாலும் அவருக்குத்தான்.

எல்லாத் திட்டமும் ஒரே வழியில் போவதில்லை. பிரெஞ்சுத் தூதரகம் தரும் 'சார்பாக்' (Charpak) ஆய்வக உதவித்தொகைக்கு, அழைக்கும் ஆய்வகத்தின் கடிதம் முதலில் வேண்டும். கனடாவின் மிட்டாக்ஸ் குளோபலிங்க் நேர்மாறு: 12 வாரத் திட்டங்களின் பட்டியலை அவர்களே வெளியிடுவார்கள், அதிலிருந்து தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும், வழக்கமாக செப்டம்பரில் மூடிவிடுவார்கள். இரண்டும் தவறினால் இந்திய அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. அது உள்நாட்டில்தான். ஆனாலும் அடுத்த ஆண்டு வெளிநாட்டு விண்ணப்பத்தில் நல்ல எடை கூட்டும்.

ஜெர்மனிக்கு இன்னொரு படி உண்டு. பொது நிதியில் இயங்கும் உதவித்தொகை இல்லாமல் போகும் வெளிநாட்டு மாணவர், நான்கு பருவம் முடித்திருக்க வேண்டும். பயிற்சி படிப்போடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அந்நாட்டு வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். இதை அழைக்கும் நிறுவனத்தின் பணியாளர் பிரிவு கேட்டு வாங்கித் தர வேண்டும். பேராசிரியருக்கே இது தெரியாமலிருக்கலாம். முதல் மாதமே நினைவூட்டுங்கள். 90 நாளைத் தாண்டினால் குறுகிய காலத்துக்கான ஷெங்கன் விசா போதாது, தேசிய விசா வேண்டும். அதனால் தேதிகளை எண்ணிப் பார்த்துக் கடிதம் வாங்குங்கள். 12 வாரம் என்பது 84 நாள்.

பட்ஜெட் போடும்போது, ஜெர்மனி வெளிநாட்டு மாணவரிடம் எதிர்பார்க்கும் மாதம் 992 யூரோவை (2024 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு) அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். உதவித்தொகை 700 என்றால் மீதி 292 எங்கிருந்து வரும் என்று காட்ட வேண்டும். விமான டிக்கெட்டும் விசாக் கட்டணமும் எல்லாரும் எழுதுவார்கள். விட்டுப்போவது வீட்டு முன்பணம். வாடகையைப் போல மூன்று மடங்கு வரை கேட்க அங்கே சட்டம் இடம் தருகிறது. திரும்பி வரும் பணம்தான், ஆனால் முதல் வாரமே கையில் இருக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இனி கல்லூரி. 'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாக மனுக் கொடுத்தால் 'பரிசீலிக்கிறோம்' என்ற பதிலோடு நிற்கும். 'விமானக் கட்டணத்தில் பாதி', 'காப்பீடு மட்டும்' என்று பிரித்துக் கேளுங்கள்; சிறிய தொகைக்குக் கையெழுத்து எளிதில் விழும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் நிதிக்குழு எப்போது கூடுகிறது என்று முதலிலேயே விசாரியுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் கூடும் குழுவை ஒரு வாரத்தில் தவறவிட்டால் ஆறு மாதம் போச்சு. முன்னாள் மாணவர் சங்கத்துக்குத் தனி மனு. இவையெல்லாம் பெரும்பாலும் செலவு செய்த பிறகு வரும் பணம் என்பதையும் மறக்க வேண்டாம். ஒப்புதல் தேதிக்கு முன் எடுத்த டிக்கெட்டைத் தணிக்கையில் அடித்துவிடுவார்கள். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அடையாறு முகத்துவாரத்தில் மைக்ரோபிளாஸ்டிக் அளவிடுவது எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். மூன்று பேர். நிதி கேட்டுப் போட்ட பட்ஜெட் 'விவரம் போதாது' என்று திரும்பிவிட்டது.
— விலங்கியல் மாணவர்கள், சென்னை

நீங்கள் அனுப்பிய பட்ஜெட்டில் 'பயணம் 5,000, வேதிப்பொருள் 5,000, பரிசோதனை 10,000' என்று மூன்றே வரி. சில்லறையில்லாமல் ஆயிரங்களாக நிற்கும் தொகை எதுவும் ஊகித்ததாகவே படும். மாதிரிகளின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். 5 இடம், ஒவ்வொன்றிலும் 3 மாதிரி, மழைக்கு முன்பும் பின்பும்: 30. ஒவ்வொரு சுற்றுக்கும் 3 வெற்று மாதிரி (ஆற்று நீருக்குப் பதில் தூய நீரை வைத்து அதே முறையில் செய்வது): 6. ஆக 36. இந்த 36தான் எல்லா வரிக்கும் அடிப்படை. 47 மி.மீ. கண்ணாடியிழை வடிதாள் 36, கிழிவதற்கு ஒரு பத்து சேர்த்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மாதிரிக்கு எத்தனை மில்லி, அதைப் போல 36 மடங்கு, உப்பு, 5 மி.மீ., 0.3 மி.மீ. துருவேறா எஃகுச் சல்லடை தலா ஒன்று. பயணத்தையும் 'இத்தனை முறை, இத்தனை பேர், இன்ன பஸ் கட்டணம்' என்று பிரியுங்கள்.

உங்கள் பட்டியலில் வெற்று மாதிரி இல்லை. மதிப்பிடுபவர் முதலில் தேடுவது அதைத்தான். சட்டை நூலும் பிளாஸ்டிக் குடுவையின் துகளும் மாதிரியில் விழுந்திருந்தால், வெற்று மாதிரி இல்லாமல் பிரித்தறிய வழியில்லை. சேகரிக்கக் கண்ணாடிக் குடுவை, ஆய்வகத்தில் பருத்திக் கோட்டு. துகள் எந்தப் பிளாஸ்டிக் என்று சொல்ல எஃப்.டி.ஐ.ஆர். என்ற அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை வேண்டும். அதற்கு மாதிரிக் கணக்கில் கட்டணம். கருவி உள்ள நிறுவனத்தின் மாணவர் விலைப்பட்டியலை இணைத்துவிட்டால் அந்த வரியை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

எங்கே கேட்பது? தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிதி, கல்லூரி வழியாக. தொகை சிறியது; வடிதாளுக்கும் வேதிப்பொருளுக்கும் சரியாகப் போகும். உங்கள் துறை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஸ்டார் கல்லூரித் திட்டத்தில் இருக்கிறதா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். இருந்தால் வேதிப்பொருள் செலவை அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ரஃபர்ட் அறக்கட்டளை பெரிய பெயர்தான். ஆனால் அது இயற்கைப் பாதுகாப்புப் பணிக்குத் தருவது, வெறும் அளவீட்டுக்கு அல்ல. மூன்று பரிந்துரையாளரும் வேண்டும். இந்த புராஜெக்ட்டுக்கு அங்கே போக வேண்டாம் என்பேன்.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று எங்கள் ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்புக்கு நிதி ஒதுக்கியது. கல்லூரிக் கணக்கில் வாங்க முதல்வர் மறுக்கிறார். ஏன்?
— முதுகலை மாணவர், திருநெல்வேலி

அவர் மறுப்பதில் நியாயம் உண்டு. வெளிநாட்டு நன்கொடை பெற, நிறுவனம் எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வைத்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். பதிவுள்ள வேறொரு தொண்டு நிறுவனம் வாங்கிக் கல்லூரிக்கு மாற்றித் தருவதையும் அதே திருத்தம் தடுத்துவிட்டது. உங்கள் பெயருக்கே வரும் கல்வி உதவித்தொகைக்கும் ஸ்டைபெண்டுக்கும் சட்டத்தின் 4ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் களச்செலவை ஸ்டைபெண்ட் என்று பெயர் மாற்றி வாங்குவது ஆபத்து. ஆடிட்டரைப் பார்க்காமல் செய்யாதீர்கள். பணத்துக்குப் பதில் பொருளாகத் தரும் அமைப்புகளும் உண்டு. ஐடியா வைல்ட் என்ற அமைப்பு பைனாகுலர், கேமரா போன்ற கருவிகளாகத் தருகிறது. அதற்கும் சுங்க வரியும் சட்டமும் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு சரணாலயத்துக்குள் என்றால், நிதி வரும் முன்பே தலைமை வனஉயிரினக் காப்பாளருக்கு மனுப் போட்டுவிடுங்கள். அனுமதி வர மாதங்கள் ஆகும்.

இங்கே எடுத்த மண், சேறு மாதிரிகளைப் பெட்டியில் வைத்து வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாமா?
— மாணவர், நாகப்பட்டினம்

கூடாது. நுண்ணுயிர் ஆய்வுக்கென்றால் அது உயிரியல் வளம். வெளியே கொண்டுபோக சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மண்ணை உள்ளே விட அந்த நாட்டின் தாவரத் தடுப்புக் காப்புத் துறையும் ஒப்ப வேண்டும். ஆய்வை இங்கேயே முடித்து, தரவை மட்டும் கொண்டுபோங்கள்.

அரசின் அயலகக் கல்வி உதவித்தொகையில் இன்டர்ன்ஷிப் செலவு கிடைக்குமா?
— பெற்றோர், தருமபுரி

கிடைக்காது. அவை முதுகலை, முனைவர் பட்டப் படிப்புக்கானவை. 'அரசு உதவித்தொகை வாங்கித் தருகிறோம்' என்று கமிஷன் கேட்கும் ஏஜென்சியிடம் திட்டத்தின் அரசாணை எண்ணைக் கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.