லைட் மீட்டரை எங்கே பிடிப்பது? கேள்வி பதில்

படம் எடுக்கும் முன் ஒளியை அளக்கக் கையில் வைத்திருக்கும் லைட் மீட்டர் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: கேமராவுக்குள்ளேயே மீட்டர் இருக்கிறதே சார், தனியாக ஒன்று எதற்கு?

பதில்: கேமராவில் இருக்கும் மீட்டர், பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. எதிரே நிற்பது வெள்ளை வேட்டியா கறுப்புக் கோட்டா என்பது அதற்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். அதனால்தான் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் நிறைந்த படம் அழுக்கடைந்த மாதிரி வருகிறது, கறுப்புக் கோட்டு வெளிறிப் போகிறது. புதிய கேமராக்கள் ஓரளவு சமாளிக்கின்றன, ஆனால் அதுவும் யூகம்தான்.

கை மீட்டரின் வெள்ளைக் குமிழ், பொருளின் மேல் விழும் ஒளியை அளக்கிறது. மணமகள் அரக்குப் பட்டில் இருந்தாலும் மாப்பிள்ளை வெள்ளைப் பட்டு வேட்டியில் இருந்தாலும், இருவர் மேலும் ஒரே விளக்கு விழுந்தால் மீட்டர் சொல்லும் எண்ணும் ஒன்றுதான். வெள்ளை வெள்ளையாகவும் அரக்கு அரக்காகவும் படத்தில் வந்து உட்காரும்.

கேள்வி: குமிழை விளக்கின் பக்கம் திருப்ப வேண்டுமா, கேமராவின் பக்கமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள் அண்ணா.

பதில்: அதிகம் பேர் கேட்டது இதைத்தான். எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விட வேண்டும் என்பதை முடிவு செய்ய அளக்கிறீர்கள் என்றால் மீட்டரை ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். கன்னத்துக்கு முன்னால், தாடை உயரத்தில் பிடித்து, குமிழைக் கேமரா லென்ஸின் பக்கம் திருப்புங்கள். குமிழ் உருண்டையாக இருப்பதற்குக் காரணமே இதுதான். முகத்தைப் போலவே அதிலும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலும் விழும், இரண்டையும் சேர்த்துத்தான் மீட்டர் எண்ணைச் சொல்லும். அமெரிக்காவில் டான் நார்வுட் இந்த அரைக்கோள முறையைக் கொண்டுவந்தார். இன்றைய குமிழ் மீட்டர்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

இரண்டு விளக்குகளின் விகிதத்தை அறிய வேண்டுமானால் முறை வேறு. குமிழை உள்ளே இறக்கிவிட்டு அல்லது தட்டையான வெள்ளை வில்லையை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு விளக்கையும் நேராகப் பார்த்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். முக்கிய விளக்குக்கு எஃப்/8, நிழலைத் தணிக்கும் நிரப்பு விளக்குக்கு எஃப்/4 என்று (எஃப் எண் லென்ஸ் துளையின் அளவு) வந்தால் இடையில் இரண்டு ஸ்டாப். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு, எனவே இது 4:1. அந்த விகிதத்தில் முகத்தின் நிழல் பக்கம் நன்றாகவே இருண்டு தெரியும். குழந்தைகளை எடுக்கும்போது நான் அவ்வளவு போகமாட்டேன், ஒரு ஸ்டாப் போதும்.

அளக்கும்போது உங்கள் உடம்பின் நிழல் குமிழில் விழக்கூடாது. நீங்கள் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டையின் வெளிச்சமும் அதில் பட வேண்டாம். கையை நீட்டி, கொஞ்சம் ஒதுங்கி நின்று அளவுங்கள்.

கேள்வி: சூரியன் ஆளுக்குப் பின்னால் இருந்தால்?

பதில்: குமிழைக் கேமராவின் பக்கம் திருப்பினால் முகத்தின் நிழல் பக்கத்துக்கான எண் கிடைக்கும். நெகட்டிவ் பிலிமில் அப்படியே எடுக்கலாம். ஸ்லைடு பிலிமிலும் டிஜிட்டலிலும் பின்னணி வெளுத்துவிடும். அதனால் கேமராவை நோக்கி ஒன்று, சூரியனை நோக்கி ஒன்று என இரண்டு முறை அளந்து நடுவில் வையுங்கள்.

கேள்வி: நம் ஊர் முகங்களின் நிறத்துக்கு மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும் என்று ஸ்டூடியோவில் சொல்லித் தந்தார்கள். சரியா?

பதில்: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விழும் ஒளியை அளந்தால் கறுத்த முகம் கறுத்த முகமாகவே, அதன் மினுமினுப்போடு வரும். அது பிழை இல்லை, அதுதான் அந்த முகம். எல்லோரையும் மாநிறத்துக்கு மேலே ஏற்றிக் காட்டும் பழக்கத்தை மீட்டரின் தலையில் கட்டாதீர்கள். கண்குழியிலும் தலைமுடியிலும் விவரம் தெரிய வேண்டுமென்றால் அரை ஸ்டாப் திறக்கலாம். அதைவிட, கறுத்த தோலில் விளக்கின் பளபளப்பு எங்கே விழுகிறது என்று பார்த்து விளக்கை நகர்த்துவது நல்லது. பெரிய மென்மையான விளக்கு ஒன்றைப் பக்கவாட்டில் வைத்தால் முகத்தின் வடிவம் அழகாக எழும்பும்.

கேள்வி: மலை, கோயில் கோபுரம் போன்றவற்றுக்குப் பக்கத்தில் போய் அளக்க முடியாதே?

பதில்: அங்கே விழும் அதே வெயில் நீங்கள் நிற்கும் இடத்திலும் விழுந்தால் நிற்கும் இடத்திலேயே குமிழைப் பிடித்து அளக்கலாம். திசையை மட்டும் மாற்றாதீர்கள். கோபுரத்தின் முன் நின்று அளந்தால் குமிழ் எந்தப் பக்கம் பார்க்குமோ, அதே பக்கம் பார்க்கட்டும். நீங்கள் மண்டப நிழலில், கோபுரம் வெயிலில் என்றால் ஸ்பாட் மீட்டர்தான் வழி. ஒரு டிகிரி அளவுக்குக் குறுகிய இடத்தை மட்டும் அது பார்க்கும். நெகட்டிவ் பிலிமில், விவரம் தெரிய வேண்டிய இருண்ட இடத்தை அளந்து இரண்டு ஸ்டாப் குறையுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, இருளையும் வெளிச்சத்தையும் படிகளாகப் பிரிக்கும் மண்டல முறையின் அடிப்படை இது. டிஜிட்டலில் தலைகீழ்: விவரம் போகக்கூடாத வெளிச்சமான இடத்தை அளந்து, ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள்.

கேள்வி: மீட்டர் ஒன்று சொல்கிறது, கேமரா வேறொன்று சொல்கிறது. எதை நம்ப?

பதில்: கொஞ்சம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒளியை எக்ஸ்போஷராக மாற்றும் கணக்கில் உற்பத்தியாளர்கள் எல்லோரும் ஒரே மாறிலியை வைப்பதில்லை. சிலர் 12.5, சிலர் 14. அதில் வருவது ஆறில் ஒரு ஸ்டாப்தான். லென்ஸுக்குள் கண்ணாடிகள் விழுங்கும் ஒளி அதைவிடப் பெரிய காரணம், முக்கியமாக ஜூம் லென்ஸ்களில். மாறாத வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். எப்போதும் ஒரே அளவுதான் விலகுகிறது என்றால் அதை மீட்டரின் திருத்தத்தில் ஏற்றிவிடலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக விலகினால், நீங்கள் பிடிக்கும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: பழைய மீட்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: பேட்டரி இல்லாமல் ஒளியிலேயே இயங்கும் செலினியம் மீட்டரா என்று முதலில் பாருங்கள். உள்ளே இருக்கும் ஒளி செல் வயதானால் ஒளியைக் குறைத்துக் காட்டும். மேகமில்லாத நண்பகல் வெயிலில், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 நொடி என்று வைத்து அளந்தால் எஃப்/16 பக்கம் காட்ட வேண்டும். வெயிலில் சரியாகக் காட்டியதும் நிம்மதி அடையாதீர்கள். அறைக்குள்ளும் நிழலிலும் நல்ல மீட்டர் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதிதாக இருந்த காலத்திலேயே மங்கல் வெளிச்சத்தில் இந்த வகை தடுமாறும்.

பேட்டரியில் ஓடும் காட்மியம் சல்ஃபைடு மீட்டர் என்றால் பேட்டரியைக் கவனியுங்கள். கோசன் லூனாசிக்ஸ் 3 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை, அது இப்போது கிடைப்பதில்லை. 1.5 வோல்ட் அல்கலைன் போட்டால் முள் கூடுதலாக ஏறி, படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி ஓரளவு ஒத்துப்போகும்.

கேள்வி: போனில் இருக்கும் மீட்டர் ஆப் போதாதா?

பதில்: பழகிக்கொள்ளப் போதும். ஆனால் பெரும்பாலும் அதுவும் திரும்பி வரும் ஒளியைத்தான் அளக்கிறது. ஸ்டூடியோ ஃபிளாஷை அளக்க உதவாது.

கேள்வி: மிக அருகில் வைத்து நகைகளை எடுக்கிறேன். மீட்டர் சொன்னபடி வைத்தும் படம் இருட்டாக வருகிறது.

பதில்: லென்ஸ் முன்னால் நீள நீள உள்ளே வரும் ஒளி குறையும். கை மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, அதனால் அதற்கு இது தெரியாது. நகை சென்சாரில் அதன் உண்மை அளவில் விழுந்தால் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள், பாதி அளவில் என்றால் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேலே. ஃபில்டர் மாட்டினாலும் இதே கதைதான். கறுப்பு வெள்ளைப் பிலிமுக்கு மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஒரு ஸ்டாப், சிவப்பு என்றால் மூன்று. சில கேமராக்கள் அருகில் போகும்போது எஃப் எண்ணைத் தாங்களே மாற்றிக் காட்டும். உங்களுடையது அப்படியா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டுவிடுவீர்கள்.