உமிச்சாம்பலும் சிரட்டையும் கலந்த காங்கிரீட்டை வாங்கலாமா?

கேள்வி: குளச்சலில் கடலுக்கு அருகே சரிவுக் கூரையுள்ள வீடு கட்டுகிறோம். வைப்ரேட்டர் (கலவையை அதிர்த்து இறுக்கும் கருவி) தேவைப்படாத செல்ஃப் காம்பாக்டிங் காங்கிரீட்டை உமிச்சாம்பல், தேங்காய்ச் சிரட்டைத் துண்டு, பாறைப்பொடி ஆகியவற்றைக் கலந்து மலிவாகத் தருவதாக ரெடிமிக்ஸ் வியாபாரி ஒருவர் கூறுகிறார். வாங்கலாமா?

பதில்: கலவை சரியாக இருந்தால் தூண்களுக்கும் பீம்களுக்கும் வாங்கலாம், கூரைக்கு வேண்டாம். தானாகவே பாய்ந்து நிரம்புவது இதன் இயல்பாதலால், சரிவில் கொட்டினால் கீழ்முனைக்கே வழிந்து சேரும். கம்பி நெருக்கமாகக் கிடக்கும் தூண்-பீம் சந்திப்பில்தான் இதனால் உண்மையான பலன் உண்டு. அங்கும் வார்ப்புப் பலகை இடுக்குகள் இறுக்கமாக அடைபட்டிருக்க வேண்டும்.

உமிச்சாம்பலில்தான் ஏமாற்றத்துக்கு இடம் அதிகம். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து அள்ளிய கறுப்புச் சாம்பலில் எரியாத கரி மிகுந்திருப்பதால், அது நீரையும் பாய்ச்சலுக்காகச் சேர்க்கும் ரசாயனத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சுமார் 600 முதல் 700 டிகிரி வெப்பத்தில் எரித்து மாவாக அரைத்த வெளிர்நிறச் சாம்பலே சிமெண்டோடு சேர்ந்து வலுத் தரும். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். கறுப்பு அப்பிக்கொண்டு நறநறத்தால் அந்தச் சரக்கை ஏற்க வேண்டாம்.

பாறைப்பொடிக்குப் பதிலாக, ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதிக்கு உட்பட்ட எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சிரட்டைத் துண்டு எடை குறைந்தது, நீரை மிகுதியாகக் குடிப்பது. இளகிய கலவையில் மேலே மிதந்துவிடும். கரி சுடுவோர் நல்ல விலை கொடுக்கும் பொருளைத் தூணுக்குள் புதைப்பானேன்?

கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரத்தையும், கம்பியை மூடும் காங்கிரீட்டுக்கு 45 மி.மீ. கனத்தையும் கேட்கிறது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதால், கடல் மணலும் கழுவாத சிப்பியும் கலவைக்குள் வரவே கூடாது.

லாரி வந்ததும், சமதளத் தகட்டில் ஸ்லம்ப் கூம்பை (கலவையின் இளக்கத்தை அளக்கும் உலோகக் கூம்பு) வைத்து, குத்தாமல் நிரப்பித் தூக்கச் சொல்லுங்கள். பரவும் வட்டத்தின் விட்டம், ஐ.எஸ். 10262 (2019) வகைகளின்படி, 550 முதல் 850 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். நடுவில் ஜல்லி குவிந்து ஓரத்தில் நீர் வளையம் கட்டினால் கலவை பிரிந்துவிட்டது என்று பொருள். அதைத் திருப்பி அனுப்புங்கள். பரவல் குறைந்ததென்று ஓட்டுநர் டிரம்முக்குள் குழாய்த் தண்ணீரைத் திறந்தாலும் அப்படியே. வார்த்தபின், சாம்பல் கலந்ததாகையால் குறைந்தது 10 நாள் நனைத்துவையுங்கள்.