வாக்குத்தத்த அட்டையும் நங்கூரக் கயிறும்: வாசகர் கேள்வி பதில்

வடசென்னையிலிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான்: நம்பினேன், நடக்கவில்லை, இனி என்ன? சிலவற்றுக்கு இங்கே பதில்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கான வேத வசனம் அச்சிட்ட சீட்டு) எரேமியா 29:11. ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். வருஷம் முடியப்போகிறது. மகனுக்கு வேலையும் இல்லை, மகளுக்கு வரனும் அமையவில்லை. என் விசுவாசத்தில் குறையா? (ஒரு தாய், ராயபுரம்)

குறை உங்களிடம் இல்லை அம்மா, அட்டையின் அளவில் இருக்கிறது. அதில் ஒரு வசனத்துக்குத்தான் இடம். வேதாகமத்தை எடுத்து அந்த அதிகாரத்தை 1 முதல் 14 வரை படியுங்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' தருவேன் என்ற தேவனின் வாக்கு 11-இல் வருகிறது. அதற்கு முந்தின வசனத்திலேயே கெடு சொல்லியாகிவிட்டது: 70 வருஷம். கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் திரும்பி வந்தவர்கள் சொற்பமாகத்தான் இருக்க முடியும். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று 28-ஆம் அதிகாரத்தில் அடித்துச் சொன்ன அனனியா, கள்ளத் தீர்க்கதரிசி.

அந்த 70 வருஷமும் என்ன செய்வது? 5, 6 வசனங்களைப் பாருங்கள். வீடு கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு. 7-இல், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணு. ஆகவே மகன் விண்ணப்பம் போடுவதை நிறுத்த வேண்டாம், நீங்களும் வரன் பார்ப்பதை நிறுத்த வேண்டாம். வருஷத்துக்கு ஒரு வசனம் என்ற வழக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. டிசம்பருக்குள் டெலிவரி என்று அட்டையில் யாரும் அச்சடிக்கவும் இல்லை. ஃபிரேமைக் கழற்றாதீர்கள். ஓரத்தில் '10-ஐயும் படி' என்று பென்சிலால் எழுதிவையுங்கள்.

எங்கள் வேதாகமத்தில் 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு'. பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகும் தோழி 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு' என்கிறாள். எது சரி? (கல்லூரி மாணவி, வியாசர்பாடி)

இரண்டும். 1 கொரிந்தியர் 13:13-இன் கிரேக்க மூலத்தில் இருப்பவை பிஸ்திஸ், எல்பிஸ் என்ற சொற்கள். உங்கள் கையிலுள்ள பழைய மொழிபெயர்ப்பில் பிஸ்திஸ் விசுவாசம், எல்பிஸ் நம்பிக்கை. தோழி வாசிக்கும் திருவிவிலியத்தில் பிஸ்திஸ் நம்பிக்கை, எல்பிஸ் எதிர்நோக்கு. ஒரே 'நம்பிக்கை' இரண்டு வீட்டில் இரண்டு வேலை பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். 2025 யூபிலி ஆண்டுக்குக் கத்தோலிக்கர் வைத்த 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்ற வாசகத்திலும் இருப்பது எல்பிஸ்தான். எங்களைக் கேட்டால் எதிர்நோக்கு நல்ல சொல். 'மழை வராதுன்னு நம்பிக்கை இருக்கு' என்று நாம் சொல்வது வெறும் ஊகம். எதிர்நோக்கு என்றால் வாசலில் நின்று வரப்போகிறவரைப் பார்ப்பது.

ஆறு மாதமாக ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. 'துதி, எல்லாம் மாறும்' என்கிறார்கள். துதிக்க வாய் வரவில்லை. (ஒரு சகோதரி, தண்டையார்பேட்டை)

துதியைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள் சகோதரி. 13-ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை தாவீது முறையிடுகிறார். 3, 4-இல் கேட்கிறார். 5, 6-இல்தான் நம்பிக்கையே வருகிறது.

அதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதுங்கள், ராத்திரி பத்து நிமிஷம் போதும். முதலில் 'எதுவரைக்கும்' என்று தொடங்கி நான்கு வரி. 'கஷ்டமாயிருக்கிறது' என்று பொதுவாக எழுதினால் மனசுப் பாரம் இறங்காது. 'வாடகை 7,000 பாக்கி, வீட்டுக்காரர் மாடிப்படியிலேயே நிற்கிறார்' என்று எழுதுங்கள். அடுத்து ஒரே ஒரு விண்ணப்பம், நாளை ஒரு நாளுக்கு மட்டும். கடைசியாக, தேவன் முன்பு உங்களுக்குச் செய்த ஒன்று, எந்த வருஷம் என்பதோடு. அது வராத நாளில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசி வசனம்வரை இருளிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பலர் தடுக்கி விழுவது இரண்டு இடத்தில்: முதல் நாளே மூன்றாம் பகுதிக்குத் தாவுவது, ஆரம்பத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து நாலாம் நாள் விட்டுவிடுவது.

தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருக்கிறதா, செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறதா? அது ஜெபக்குறைவல்ல, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாவைக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

எபிரெயர் 6:19 நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. நங்கூரம் போட்ட படகும் ஆடத்தானே செய்யும்? (விசைப்படகுத் தொழிலாளி, காசிமேடு)

ஆடும் அண்ணே. இடம் மாறாது, அவ்வளவுதான். பிரசங்கத்தில் கேட்பவர்களைவிட உங்களுக்கு இந்த வசனம் நன்றாகவே புரிந்திருக்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் 50 மீட்டர் கயிறாவது விட்டால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும். கயிற்றைக் குறைத்தால் அலை தூக்கும்போது இழுப்பு மேலே போய் நங்கூரம் பெயர்ந்துவிடும். 'வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும்' என்று கெடு வைத்து ஜெபிப்பது குட்டைக் கயிறு. எபிரெயத்தில் நம்பிக்கைக்கு 'திக்வா' என்பார்கள். யோசுவா 2-இல், வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப் ஜன்னலில் கட்டிய சிவப்புநூல் கயிற்றுக்கும் அதே சொல்தான். இன்னொன்று, எபிரெயர் சொல்லும் நங்கூரம் 'திரைக்குள்ளாக' போகிறது, அதாவது தேவசமுகத்துக்குள். கீழே சேற்றில் போடுவது நம் நங்கூரம், இது மேலே போய்ப் பிடிக்கிறது.

கணவருக்குக் காசநோய். இரண்டு மாத மாத்திரையில் இருமல் நின்றுவிட்டது. 'சுகமாகிவிட்டேன், இனி மாத்திரை அவிசுவாசம்' என்கிறார். (திருவொற்றியூர்)

நிறுத்தவே கூடாது. வழக்கமான சிகிச்சை 6 மாதம்: முதல் 2 மாதம் நான்கு மருந்து, பிறகு 4 மாதம் மூன்று மருந்து. இருமல் நிற்கும்போது பெரும்பாலான கிருமி செத்திருக்கும், மெதுவாக வளர்வது உள்ளே ஒளிந்திருக்கும். இப்போது விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதுவே தொற்றலாம். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அவரிடம் ஏசாயா 38-ஐப் படிக்கக் கொடுங்கள். சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு தேவன் 15 வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாகச் சொன்ன அதே தீர்க்கதரிசி, 21-ஆம் வசனத்தில் அத்திப்பழ அடையைப் பற்றுப் போடச் சொல்கிறார். சபையில் சாட்சி சொல்வதை, சிகிச்சை முடிந்து சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தபின் வைத்துக்கொள்ளலாம்.

ஜெபம் பண்ணிவிட்டு 10,000 தண்டல் வாங்கி டிபன் கடை போடலாமா? மச்சினர் ஜாமீன் நிற்கிறார். (கொருக்குப்பேட்டை)

லூக்கா 14:28-இல் கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கிறான். நீங்களும் பாருங்கள். 10,000-இல் 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வசூல் என்றால் வட்டி ஆண்டுக்கு 80 சதவீதத்தை ஒட்டி வரும். மழையில் கடை போடாத நாளும் வசூலுக்கு ஆள் வருவார். மாவு, கேஸ், எண்ணெய் போக முதல் நாளிலிருந்தே 100 மிஞ்சுமா என்று எழுதிப் பாருங்கள். மிஞ்சாதென்றால் மகளிர் குழுக் கடனை விசாரியுங்கள். மச்சினருக்கு, கடனுக்குப் பிணைப்படாதே என்கிற நீதிமொழிகள் 22:26-ஐக் காட்டிவிட்டு, அப்புறம் கையெழுத்துக் கேளுங்கள்.