மாத்திரை செரட்டோனினை ஊத்தறதில்ல

கடிதம்:
சார், அல்சூர்ல இருந்து எழுதறேன். அம்மாவுக்கு மனச்சோர்வுன்னு டாக்டர் ஃப்ளூக்செட்டின் எழுதிக் குடுத்து 10 நாள் ஆச்சு, ஒண்ணும் மாறல. மூளையில செரட்டோனின் கொறஞ்சு போச்சு, மாத்திரை அத நிரப்பும்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க. அப்படின்னா இந்நேரம் நிரம்பியிருக்கணுமே, நிறுத்திடலாமான்னு அப்பா கேக்கறார்.

பதில்:
டாக்டரக் கேக்காம நிறுத்த வேணாம்னு அப்பாகிட்ட முதல்ல சொல்லிடுங்கம்மா.

செரட்டோனின்ங்கறது ஒரு நரம்பு செல்லுலருந்து அடுத்ததுக்கு சேதி கொண்டு போற ரசாயனம். அந்த மாத்திரையில செரட்டோனினே கிடையாது. ஒரு நரம்பு செல் செரட்டோனினை வெளிய விடும், அடுத்த செல் அந்த சேதிய வாங்கிக்கும், அப்புறம் விட்ட செல்லே அத திரும்ப உள்ள இழுத்துக்கும். இழுக்கறது செல்லோட சவ்வுல பதிஞ்சிருக்கற ட்ரான்ஸ்போர்ட்டர்ங்கற புரதம். அதுக்கு வெளிப்பக்கம் திறந்தா உள்பக்கம் மூடிக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல திறக்காது. தெம்பு எங்கருந்து வருதுன்னா, நம்ம ஊர் வீடுகள்ல சம்ப் தண்ணிய மோட்டார் மேல ஏத்தி வச்சா குழாயத் திறந்ததும் தானா இறங்குதில்லையா, அதே மாதிரி வேற ஒரு பம்ப் சோடியத்த ஓயாம செல்லுக்கு வெளிய ஏத்தி வச்சிருக்கு, அது உள்ள இறங்கற வேகத்துல செரட்டோனினையும் கூட்டிட்டு வந்துடுது. எனக்கு எப்ப நெனச்சாலும் ஆச்சரியமா இருக்கும்.

இப்படி திரும்ப இழுத்துக்கற வேலைய நோராட்ரினலின்ங்கற இன்னொரு சேதி ரசாயனத்துல 1961 வாக்குல காட்டினவர் ஜூலியஸ் ஆக்சல்ராட், 1970-ல நோபல் வாங்கினார். 2013-ல ஈயோட டோபமின் (இதுவும் ஒரு சேதி ரசாயனம்) ட்ரான்ஸ்போர்ட்டர் ஒரு மனச்சோர்வு மருந்தோட சேர்ந்து எப்படி இருக்குன்னு படம் புடிச்ச குழுவுல முன்னால நின்ன அரவிந்த் பென்மத்சா, அப்புறம் நம்ம பெங்களூரு ஐஐஎஸ்சிக்கே (இந்திய அறிவியல் கழகம்) வந்து சேர்ந்தார்.

ஃப்ளூக்செட்டின் செரட்டோனினை இழுக்கற அந்த ட்ரான்ஸ்போர்ட்டரோட வாசல்ல போய் அடைச்சுக்கும், அதனால இருக்கற செரட்டோனின் வெளிய கூட நேரம் நிக்கும். அடைப்பு முதல் நாளே ஆரம்பிச்சுடும். ஆனா வெளிய அளவு கூடினதும் செல் தானே பிரேக் போட்டு, செரட்டோனினை வெளிய விடறதக் கொறைக்கும், அந்த பிரேக் தளர வாரக்கணக்காகும், தாமதத்துக்கு முக்கியமா சொல்ற காரணம் இதுதான். மூளையோட இணைப்புகளும் மெதுவாத்தான் மாறும். பலன் தெரிய பொதுவா 2லருந்து 4 வாரம், சிலருக்கு இன்னும் கூட. 10 நாள்ல தோத்துடுச்சுன்னு முடிவு கட்டாதீங்க. அக்கா சொன்ன 'கொறஞ்சு போச்சு' கதையும் நிரூபணமானதில்ல.

அம்மாவுக்கு பதட்டம் கூடினாலோ, சுத்தமா தூக்கம் போனாலோ, உயிர விட்டுடலாம்ங்கற மாதிரி பேசினாலோ அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதீங்க, அன்னைக்கே டாக்டரப் பாருங்க. ராத்திரியா இருந்தா 14416-க்கு அடிங்க, டெலி மானஸ்ங்கற அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம்.